கோபம் எந்த அரசின் மேல்? கொங்கு நாட்டு வாக்குகளை வாசிக்கும் முறை

ஒவ்வொரு தேர்தல் முடிவுக்குப் பிறகும் கொங்கு நாட்டைப் பற்றி இரண்டு விளக்கங்கள் புறப்பட்டு வருகின்றன. கொங்கு இன்ன கட்சியின் கோட்டை, அங்கே எது நடந்தாலும் ஓட்டு மாறாது என்பது ஒன்று. சாதியும் பணமும் இருந்தால் போதும், மக்கள் யோசித்து ஓட்டுப் போடுவதில்லை என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தாதவை. கோட்டை என்றால் காசு தேவையில்லை, காசுக்கு ஓட்டு மாறுமென்றால் கோட்டை என்று ஒன்று இருக்க முடியாது. ஆனாலும் தொலைக்காட்சி விவாதங்களில் ஒரே பேச்சாளர் ஒரே மணி நேரத்தில் இரண்டையும் சொல்லிவிட்டுப் போகிறார்.

2016 முதல் 2025 வரையிலான தேர்தல்களையே முக்கியமாக எடுத்துக்கொண்டு, இந்த விளக்கங்கள் எங்கே நிற்கின்றன, எங்கே விழுகின்றன என்று இக்கட்டுரை பார்க்கிறது. கொங்கு நாடு என்று இங்கே குறிப்பது கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், நீலகிரி மாவட்டங்களையும் அவற்றை ஒட்டிய சேலம் பகுதியையும். எல்லை, பேசுகிறவரைப் பொறுத்துச் சற்று விரியும், சுருங்கும்.

முதலில் எண்கள்

1. 2019 நாடாளுமன்றத் தேர்தலில் கோவை, பொள்ளாச்சி, திருப்பூர், ஈரோடு, நீலகிரி, நாமக்கல், கரூர், சேலம் ஆகிய எட்டுத் தொகுதிகளையும் திமுக கூட்டணி வென்றது.

2. 2021 சட்டமன்றத் தேர்தலில், திமுக கூட்டணி மாநிலம் முழுவதும் 159 இடங்களைப் பிடித்தபோது, கோவை மாவட்டத்தின் 10 தொகுதிகளும் அதிமுக கூட்டணிக்குப் போயின. அதே நாளில் கரூர் மாவட்டத்தின் 4 தொகுதிகளும் திமுகவுக்குக் கிடைத்தன. திருப்பூரிலும் ஈரோட்டிலும் தலா 8 தொகுதிகளில் 5ஐ வென்று அதிமுக கூட்டணி முந்தியது. நாமக்கல்லில் 6இல் 4ஐ வென்று திமுக கூட்டணி முந்தியது.

3. 2022 பிப்ரவரியில் கோவை மாநகராட்சியின் 100 வார்டுகளில் அதிமுகவுக்குக் கிடைத்தவை 3. பத்துக்குப் பத்து வென்று ஓராண்டுகூட ஆகவில்லை.

4. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் மீண்டும் எட்டுத் தொகுதிகளும் திமுக கூட்டணிக்கு.

ஐந்தாண்டுகளில் நான்கு முறை வாக்களித்த இந்த மக்கள் திரளை அசையாத கோட்டை என்பது பொருந்தாது. கொங்கு நாடு முழுவதும் ஒரே மாதிரி வாக்களிக்கிறது என்பதும் பொருந்தாது. கோவையும் கரூரும் ஒரே நாளில் எதிரெதிராக நின்றன.

தொகுதி எண்ணிக்கை மறைப்பது

நம்முடைய தேர்தல் முறையில் ஒரு தொகுதியில் அதிக வாக்கு பெற்றவர் வெல்கிறார், பாதிக்கு மேல் பெற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே ஒரு வாக்கில் வென்றாலும் ஓர் இடம்தான், ஒரு லட்சத்தில் வென்றாலும் ஓர் இடம்தான். 2021இல் நாம் தமிழர் கட்சி மாநில அளவில் 6.5 விழுக்காட்டுக்கு மேல் வாக்குப் பெற்றும் ஓர் இடமும் பெறாததற்கு இதுவே காரணம்.

கோவையின் பத்துக்குப் பத்தை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். கிணத்துக்கடவில் வெற்றி வித்தியாசம் 1,095 வாக்குகள், பொள்ளாச்சியில் 1,725, கோவை தெற்கில் 1,728. பக்கத்து ஈரோடு மாவட்டத்தின் மொடக்குறிச்சியில் பாஜக வென்றது 281 வாக்குகளில். தாராபுரத்தில் திமுக வென்றது 1,393 வாக்குகளில். கோவையில் மூன்று தொகுதிகளிலும் சேர்த்து மூவாயிரத்துக்கும் குறைவான பேர் மனம் மாறியிருந்தால் கணக்கு அதிமுக கூட்டணிக்கு 7, மற்றவர்களுக்கு 3 என்று ஆகியிருக்கும், அப்போது யாரும் கோட்டை என்று எழுதியிருக்க மாட்டார்கள். மீதி ஏழு தொகுதிகளில் அதிமுக கூட்டணிக்கு உண்மையான செல்வாக்கு இருந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தச் செல்வாக்கின் அளவைத் தொகுதிகளின் எண்ணிக்கை பெரிதாக்கிக் காட்டுகிறது என்பதே இங்கே கவனிக்க வேண்டியது.

இடைத்தேர்தலை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஈரோடு கிழக்கில் 2021இல் காங்கிரஸ் வேட்பாளர் வென்றது 8,904 வாக்குகளில். 2023 பிப்ரவரி இடைத்தேர்தலில் அதே கட்சி 66 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வாக்குகளில் வென்றது. இரண்டாண்டுக்குள் அத்தனை பேர் கொள்கை மாறிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆட்சி மாறப்போவதில்லை என்று தெரிந்த இடத்தில், ஆளுங்கட்சியின் உறுப்பினர் இருந்தால் தொகுதிக்கு நல்லது என்று கணக்குப் போடுவது வேறு வகை வாக்கு. அமைச்சர்கள் வீதி வீதியாக முகாமிட்ட தேர்தல் என்பதையும் மறக்க முடியாது. 2025 பிப்ரவரியில் அங்கேயே மறுபடி இடைத்தேர்தல் வந்து, அதிமுகவும் பாஜகவும் ஒதுங்கிக்கொண்டபோது 6 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் நோட்டாவை அழுத்தினார்கள்.

கூட்டல் கணக்கு

2024இல் கோவை நாடாளுமன்றத் தொகுதியில் திமுக வேட்பாளர் ஏறத்தாழ 5 லட்சத்து 68 ஆயிரம் வாக்குகளும், பாஜக வேட்பாளர் 4 லட்சத்து 50 ஆயிரம் வாக்குகளும், அதிமுக வேட்பாளர் 2 லட்சத்து 36 ஆயிரம் வாக்குகளும் பெற்றனர். பின்னிரண்டையும் கூட்டினால் 6 லட்சத்து 86 ஆயிரம். அப்படியானால் சேர்ந்து நின்றிருந்தால் வென்றிருப்பார்கள் என்ற வாதம் அன்று மாலையே தொடங்கி, 2025 ஏப்ரலில் அதிமுகவும் பாஜகவும் மீண்டும் கூட்டணி அமைத்தபோது உச்சத்துக்குப் போனது.

கூட்டல் சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் ஐயத்துக்குரியது, ஏனெனில் அதற்குள் சொல்லப்படாத ஓர் அனுமானம் இருக்கிறது: ஒரு கட்சிக்குப் போட்டவர் அனைவரும் அந்தக் கட்சி யாரோடு சேர்ந்தாலும் கூடவே போவார்கள் என்பது. பாஜகவோடு இல்லை என்பதற்காகவே 2024இல் அதிமுகவுக்கு வாக்களித்தவர்கள் இருக்கலாம், அதிமுகவும் வேண்டாம் திமுகவும் வேண்டாம் என்று பாஜகவுக்கு வாக்களித்தவர்களும் இருக்கலாம். எதிர்ப்புறமும் பேச இடமுண்டு. 2021இல் இவ்விரு கட்சிகளும் சேர்ந்து நின்றபோது கோவையில் அந்தக் கூட்டு வேலை செய்தது. ஆக, கூட்டல் ஒரு மேல்வரம்பைக் காட்டுகிறது, அவ்வளவே. அந்த வரம்பை எட்டுவார்களா என்பதற்கு அந்த எண்களுக்குள் விடை கிடையாது.

சாதிக் கணக்கும் இதே வகைப்பட்டது. ஒரு தொகுதியில் ஒரு சமூகத்தார் அதிகம், அங்கே ஒரு கட்சி வென்றது என்ற இரண்டு உண்மைகளிலிருந்து, அந்தச் சமூகத்தார்தான் அந்தக் கட்சிக்கு வாக்களித்தனர் என்ற மூன்றாவது உண்மை பிறக்காது. பெரிய கட்சிகள் அனைத்தும் ஒரே சமூகத்து வேட்பாளரை நிறுத்தும் தொகுதிகள் கொங்கில் ஏராளம். அங்கே சாதி வேட்பாளர் தேர்வை விளக்குகிறது. வெற்றி தோல்வியை விளக்க வேறு எதையாவது தேட வேண்டும். யாருக்கு டிக்கெட்டே கிடைப்பதில்லை என்ற கேள்விக்குச் சாதி இன்னும் நல்ல விடை. தனித்தொகுதிக்கு வெளியே அருந்ததியர் வேட்பாளரைப் பெரிய கட்சிகள் நிறுத்துவது அரிதினும் அரிது.

பொறுப்பைப் பிரித்தறிதல்

கொங்கு வாக்காளர் யோசிப்பதில்லை என்ற குற்றச்சாட்டை மேலுள்ள எண்கள் தாங்கவில்லை. நாடாளுமன்றம், சட்டமன்றம், மாநகராட்சி என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எடைபோட்டுத்தான் வாக்களித்திருக்கிறார்கள். ஆனால் விமர்சனச் சிந்தனை வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது: எந்தச் சிக்கலுக்கு எந்த அரசு பொறுப்பு என்று பிரித்தறியும் இடம். இந்தப் பகுதியின் பொருளாதாரமே அதற்குக் காரணம். பனியன் கம்பெனி, விசைத்தறி, பவுண்டரி, மஞ்சள் மண்டி, கோழிப்பண்ணை என்று எதை எடுத்தாலும் அதன் லாபநட்டம் நான்கைந்து இடங்களில் எடுக்கப்படும் முடிவுகளைச் சார்ந்திருக்கிறது. கோபம் வரும்போது முதலில் எந்தத் தேர்தல் வருகிறதோ அந்தப் பெட்டியில் அது விழுந்துவிடுகிறது.

1. மின் கட்டணம். கட்டணத்தை நிர்ணயிப்பது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம், உயர்த்தக் கேட்டு மனுப் போடுவது அரசுக்குச் சொந்தமான மின்வாரியம். 2022 செப்டம்பரில், எட்டாண்டு இடைவெளிக்குப் பிறகு கட்டணம் உயர்ந்தபோது, ஆணையம்தான் உயர்த்தியது என்றார்கள் ஆளுந்தரப்பினர். கடன் சுமையை முந்தைய ஆட்சி விட்டுச்சென்றது என்றும் சொன்னார்கள். இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 65ஆம் பிரிவின்படி, எந்தப் பிரிவினருக்குக் கட்டணத்தைக் குறைக்க விரும்புகிறதோ அதற்குரிய மானியத்தை மாநில அரசு வாரியத்துக்குக் கொடுத்துக் குறைக்கலாம். 2023இல் விசைத்தறிக்கான இலவச மின்சாரம் இரண்டு மாதங்களுக்கு 750 யூனிட்டிலிருந்து 1,000 யூனிட்டாக உயர்ந்தது அந்த வழியில்தான். அதே ஆண்டு நிலைக்கட்டணத்தையும் உச்சநேரக் கட்டணத்தையும் எதிர்த்துக் கோவையின் சிறுதொழில் முனைவோர் கதவடைத்தபோது, அவர்கள் சரியான வாசலில்தான் நின்றார்கள். மின் கட்டணம் சட்டமன்றத் தேர்தலில் கேட்கத்தக்க கேள்வி.

2. பருத்தியும் நூலும். இறக்குமதிப் பருத்திக்கு 2021இல் ஏறத்தாழ 11 விழுக்காடு வரி விதித்தது ஒன்றிய அரசு. பின்னர் சில மாதங்களுக்கு விலக்கு அளித்ததும் அதுவே. 2021, 2022இல் நூல் விலை ஏறித் திருப்பூர் தவித்ததில் உலகச் சந்தைக்கும் பங்கு உண்டு, ஒன்றிய அரசின் வரிக்கும் பங்கு உண்டு. மாநில அரசால் கடிதம் எழுதத்தான் முடிந்தது. இது நாடாளுமன்றத் தேர்தலுக்குரியது.

3. ஜிஎஸ்டி. 2024 செப்டம்பரில் கோவையில், பன்னுக்கு வரியில்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 விழுக்காடு என்று ஓர் உணவகத்தார் ஒன்றிய நிதியமைச்சரிடம் சொன்னது நாடெங்கும் பரவியது. வரி விகிதங்களைப் பரிந்துரைப்பது ஜிஎஸ்டி கவுன்சில். அதில் ஒன்றிய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு பங்கு. ஒரு முடிவு நிறைவேற நான்கில் மூன்று பங்கு ஆதரவு வேண்டும். கணக்கைப் போட்டுப் பாருங்கள்: ஒன்றிய அரசு மறுத்தால் எதுவும் நிறைவேறாது, ஒன்றிய அரசு மட்டும் விரும்பினாலும் எதுவும் நிறைவேறாது. எல்லாம் டெல்லி செய்தது என்று மாநிலக் கட்சிகள் சொல்வதும், மாநிலங்கள் சேர்ந்துதானே முடிவெடுத்தன என்று ஒன்றிய அமைச்சர்கள் சொல்வதும் பாதிப் பாதி உண்மைகள். நம் மாநிலத்தின் உறுப்பினர் அந்தக் கூட்டத்தில் என்ன பேசினார் என்ற கேள்வியை இரு தரப்பும் விரும்புவதில்லை.

4. அமெரிக்க வரி. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்களுக்கான கூடுதல் வரியை அமெரிக்கா 50 விழுக்காடாக உயர்த்தியதற்குச் சென்னையில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

5. சாயக்கழிவு. இதுதான் மிகச் சிக்கலானது. நொய்யலின் குறுக்கே 1992இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்குப் பயன்படாமல் சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத நிலையை எட்டாத சாயப்பட்டறைகளை மூட 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தொழில் முடங்கியது. அடுத்த சில மாதங்களில் சட்டமன்றத் தேர்தல். பட்டறை வைத்திருந்தவரின் கோபமும், கீழ்ப்பகுதியில் கிணற்றுநீர் கெட்ட விவசாயியின் கோபமும் ஒரே ஆட்சியின் மேல் விழ முடியும், காரணங்கள் நேரெதிராக இருந்தாலும். ஒரே குடும்பத்தில் அண்ணன் காட்டைப் பார்க்க, தம்பி திருப்பூரில் சாயப்பட்டறை நடத்தும் ஊர்கள் இவை. முடிவு வந்தபின் கொங்கு மக்கள் இன்னதற்காக ஆட்சியைத் தண்டித்தார்கள் என்று ஒரே வரியில் எழுதுகிறவர், எந்தக் கோபம் எத்தனை வாக்கு என்று எதை வைத்துப் பிரித்தார் என்பதைச் சொல்ல வேண்டும்.

அத்திக்கடவும் உரிமை கோருதலும்

பொறுப்பைப் போலவே பெருமையையும் பிரித்தறிய வேண்டும். அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் அறுபதாண்டுக் கோரிக்கை. 2019 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி அடிக்கல் நாட்டினார், 2024 ஆகஸ்டு 17இல் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்தார். பெரும்பகுதி வேலையை நாங்கள் முடித்தோம் என்கிறது அதிமுக. நிலம் எடுக்காமலேயே தொடங்கிய வேலையை நாங்கள்தான் சரிசெய்து முடித்தோம் என்கிறது திமுக. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம் என்பது ஏனோ மேடைகளில் யாருக்கும் தோன்றுவதில்லை.

வாக்காளருக்குப் பயன்படும் கேள்விகள் வேறு. பவானி ஆற்றில் காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே வரும் உபரிநீரை, விநாடிக்கு 250 கன அடி வீதம் ஆண்டுக்கு 70 நாட்கள், அதாவது ஏறத்தாழ 1.5 டிஎம்சி, ஆறு நீரேற்று நிலையங்கள் வழியாக 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோவது திட்டம். சமமாகப் பங்கிட்டால் ஒரு குளத்துக்கு ஏறத்தாழ 14 லட்சம் கன அடி. சிறிய குட்டைக்கு அது போதும், பெரிய ஏரிக்கு அடிமண் நனையும். உபரி எத்தனை நாள் வந்தது, எத்தனை குளத்துக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்தது, நீரேற்றும் மின்செலவு என்ன, குழாய் பராமரிப்பு யாருடையது என்பவைதான் ஆட்சியை அளக்கும் கேள்விகள். அடிக்கல்லில் யார் பெயர் என்பது அவற்றில் சேராது. 2025 பிப்ரவரியில் அன்னூரில் திட்டத்துக்காகப் பழனிசாமிக்கு நடந்த பாராட்டு விழாவை, எம்ஜிஆர், ஜெயலலிதா படங்கள் இல்லை என்று அப்போது அதிமுகவின் மூத்த தலைவராக இருந்த கே.ஏ. செங்கோட்டையன் புறக்கணித்ததுதான் பல வாரங்கள் செய்தியாக ஓடியது. தண்ணீர் செய்தியாகவில்லை.

இலவசம் என்ற வாதம்

எஸ். சுப்பிரமணியம் பாலாஜி தொடுத்த வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம், தேர்தல் அறிக்கையில் அளிக்கும் வாக்குறுதிகள் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவின்படி ஊழல் நடவடிக்கை ஆகாது என்று கூறி, அறிக்கைகளுக்கு வழிகாட்டுதல் வகுக்குமாறு தேர்தல் ஆணையத்தைப் பணித்தது. 2006இல் வண்ணத் தொலைக்காட்சி, 2011இல் மிக்சி, கிரைண்டர், மின்விசிறி என்று வந்த வாக்குறுதிகளே வழக்கின் பின்னணி. நிதிக்கு என்ன வழி என்பதைப் பொதுவாகவேனும் அறிக்கையில் காட்ட வேண்டும் என்று ஆணையம் பின்னர் விதித்தது. எந்தக் கட்சியும் அதை ஒரு பத்திக்கு மேல் மதிப்பதில்லை.

கொங்கில் இலவசத்துக்கு எதிரான பேச்சு சற்று உரக்கவே கேட்கும். உழைத்துச் சாப்பிடுகிறவர்கள் நாங்கள் என்ற பெருமிதம் அதில் உண்டு. அதைப் பேசுகிறவரின் தோட்டத்துப் பம்புசெட்டு 1990 முதல் இலவச மின்சாரத்தில் ஓடுகிறது. அது தானாக வந்த சலுகையும் இல்லை. மின் கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை விவசாயிகள் போராடியதும், 1970இல் பெருமாநல்லூர்த் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போனதும் அதன் முன்கதை. எனக்குக் கிடைப்பது உரிமை, அடுத்தவருக்குக் கிடைப்பது இலவசம் என்ற இரட்டை அளவுகோலைக் கைவிட்டால், கேட்க வேண்டியவை மூன்றாகச் சுருங்கும்: யாருக்குப் போகிறது, ஆண்டுக்கு எவ்வளவு, அந்தத் தொகை இல்லாவிட்டால் எது நடந்திருக்கும். மகளிருக்கு மாதம் 1,000 ரூபாய்க்கும் பம்புசெட்டு மின்சாரத்துக்கும் இதே மூன்று கேள்விகளை வைக்க வேண்டும். விடைகள் வேறாக இருக்கலாம்.

பணப்பட்டுவாடா

வாக்குக்குப் பணம் கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 170ஆம் பிரிவு இரண்டையும் லஞ்சம் என்கிறது. 2016 மே மாதம் கரூர் மாவட்டத்து அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் பணம் பாய்ந்த அளவைக் கண்டு தேர்தல் ஆணையம் தேர்தலையே ரத்து செய்தது. அந்த நவம்பரில் நடந்த தேர்தலில் மறுபடி அதே கட்சிகள், பெரும்பாலும் அதே முகங்கள்.

பணம் வாக்கை வாங்குகிறதா? இரு பெரிய கட்சிகளும் கொடுக்கும் தொகுதியில் ஒன்று தோற்கத்தானே செய்கிறது. ஆகவே வாங்கியவர் கொடுத்தவருக்கே போட்டார் என்று சொல்ல வழியில்லை. பணத்தின் உண்மையான விளைவு வாக்காளரிடத்தில் அதிகம் இல்லை என்பது என் கணிப்பு. அது வேட்பாளர் பட்டியலில் இருக்கிறது. சட்டமன்றத் தொகுதிக்குச் செலவு வரம்பு 40 லட்சம் ரூபாய். அதைப் போல் பல மடங்கு இறக்கக் கூடியவரைத்தான் கட்சிகள் தேடுகின்றன என்றால், நமக்கு முன் வைக்கப்படும் பெயர்கள் முன்பே வடிகட்டப்பட்டவை. 1996இல் மொடக்குறிச்சியில் விவசாயிகள் தங்கள் குறையைக் கவனிக்கச் செய்ய 1,033 பேர் போட்டியிட்டு, வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வைத்தார்கள். அதற்குப் பிறகு அதே ஆண்டு டெபாசிட் தொகை 250 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயானது.

பறக்கும் படையின் கையில் சிக்குவதோ பெரும்பாலும் சந்தைக்குப் போகிறவர். 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணமின்றிக் கொண்டுபோனால் பறிமுதல் என்ற நடைமுறையால் ஈரோட்டு ஜவுளிச் சந்தையும் கருங்கல்பாளையம் மாட்டுச் சந்தையும் தேர்தல் காலத்தில் காற்றாடுவதை எல்லோரும் அறிவார்கள்.

பூத் வாரியான கணக்கு

வாக்காளரின் மனப்போக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் தொடாத ஒன்று, ரகசியத்தின் அளவு. தனிமனிதரின் வாக்கு ரகசியம். ஆனால் ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் யாருக்கு எத்தனை வாக்கு என்பது படிவம் 20 என்ற இறுதி முடிவுத் தாளில் பொதுவெளியில் வந்துவிடுகிறது. 2025இல் ஆணையம் வைத்த வரம்பின்படி ஒரு சாவடிக்கு அதிகம் போனால் 1,200 வாக்காளர்கள். அதாவது ஒரு சிற்றூர், அல்லது ஒரு காலனியும் இரண்டு வீதிகளும். அந்தக் காலனி நமக்குப் போடவில்லை என்று மறுநாள் காலையில் உள்ளூர்ப் பிரமுகருக்குத் தெரியும். அங்கிருப்பவர்கள் அவருடைய தோட்டத்தில் வேலை பார்ப்பவர்களாகவும் அவருடைய தறியில் ஓட்டுபவர்களாகவும் இருந்தால், பிரசாரத்துக்கு வருகிற எல்லோரிடமும் உங்களுக்குத்தானுங்க என்று சொல்வது பாதுகாப்புக்கான முன்யோசனை. யோசிக்காமை என்று அதைச் சொல்ல முடியாது. கருத்துக்கணிப்புகள் சறுக்குவதில் இதற்கும் பங்கு இருக்கும்.

வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகள் இடம் தந்தன. வாக்குப்பதிவு இயந்திரம் வந்தபின் அது நின்றது. பல இயந்திரங்களின் வாக்குகளை ஒன்றாகக் கூட்டிக் காட்டும் டோட்டலைசர் என்ற கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையம் 2015இல் தன் 255ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. ஒன்றிய அரசு ஏற்கவில்லை. பூத் வாரியான கணக்கு இருந்தால்தான் எங்கே பலவீனம் என்று தெரியும் என்பது கட்சிக்காரர்களின் வாதம்.